கரும்பலகையில் வராத எகிப்து

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு எகிப்து என்றால் நைல் நதி, பிரமிட்டு, மம்மி. வரலாற்று ஆசிரியர் கரும்பலகை நிறையப் பிரமிட்டுக் கீறுவார். அரசர் வரிசை பிசகினால் பிரம்பு பேசும். அந்த நாட்டில் பிள்ளை பெற்ற தாய்மாரும் இருந்திருப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லண்டனுக்கு வந்தபின், வேலையில்லாத ஞாயிறுகளில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போகும் பழக்கம் தொற்றிக்கொண்டது (அனுமதி இலவசம், குளிருக்கும் ஒதுக்கிடம்). அந்தத் தாய்மாரின் பொருட்களை அங்கேதான் பார்த்தேன். தாயையும் சிசுவையும் தீங்கிலிருந்து காக்க, நீர்யானையின் கீழ்த்தாடைக் கோரைப்பல்லை நெடுக்காகப் பிளந்து செய்த தந்தத் தகடுகள். பல்லின் வளைவு அப்படியே இருக்கும். கி.மு. 2000க்கும் 1650க்கும் இடைப்பட்டவை.

தகட்டின் மேல் காவல் தெய்வங்கள் வரிசையாக நடக்கின்றன. பிற்காலத்தில் தவெரெத் என்று பெயர்பெற்ற நீர்யானைத் தாய்க்குச் சூல் வயிறு, தொங்கும் மார்பு, சிங்கத்தின் கால், முதுகு வழியே முதலை. அவளருகே அஹா, வீட்டையும் பிள்ளைகளையும் காக்கும் பேஸ் தெய்வத்தின் முன்னோடி. பிடரி மயிரும் வளைந்த காலுமாக, இரு கையிலும் பாம்பைப் பிடித்து நிற்கும் குள்ளன். எகிப்தியச் சிற்பிகள் முகத்தைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் காட்டுவார்கள். இவனோ நேரே எங்களை முறைக்கிறான். தவளை, கழுத்து நீண்ட சிறுத்தை, சிறகு முளைத்த விலங்கு என்று மற்றவையும் வருகின்றன. பலவற்றின் பாதத்தில் கத்தி! கருணை முகம் ஒன்றைக்கூடக் காணவில்லை. தொட்டிலுக்குக் காவல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் போலும்.

சிலவற்றில் "பகலில் காவல், இரவில் காவல்" என்ற எழுத்தும், தாய் அல்லது பிள்ளையின் பெயரும் உண்டு. செனெப் என்ற இல்லத்தலைவியின் பெயரோடு ஒன்று அங்கே இருக்கிறது. சில தகடுகளின் நுனி தேய்ந்திருக்கிறது. படுக்கையைச் சுற்றித் தரையில் வட்டம் கீறியதால் வந்த தேய்வு என்கிறார்கள் ஆய்வாளர்கள். உடைந்ததை எறியாமல், துளையிட்டுக் கட்டிப் பாவித்ததும் உண்டு. அந்தத் துளைகளைத்தான் நான் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சிசு மரணம் மலிந்த காலத்தில், ஒரு பிள்ளையைக் காத்த தகட்டை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காமல் யார் விடுவார்கள்?

1896இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கிபெல், எகிப்தின் ராமெசியம் கோயிலுக்கு அடியிலிருந்த ஒரு கல்லறையில் இத்தகைய தகட்டுத் துண்டுகளோடு பாப்பிரஸ் சுவடிகள் நிறைந்த பெட்டியையும் கண்டெடுத்தார். எல் காப் ஊரில் பெபி என்பவரின் கல்லறைச் சுவரிலோ, செவிலியர் இந்தத் தகட்டைக் கையில் ஏந்தி வருகிறார்கள். ஊரில் இப்போது வரலாறு படிப்பிக்கும் எங்கள் வகுப்பு நண்பர்கள், பிரமிட்டுப் பாடம் முடிந்த கையோடு அந்தப் படத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.