கறுப்பு வயர்

மார்ச் 3, செவ்வாய்
உள்ளேயே தங்கிப் பயணம் போகும் அமெரிக்க வண்டி வந்துவிட்டது. பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடிதம் வரவில்லை.

மார்ச் 4
பிரேக்கர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். கறுப்பில்தான் கரண்ட்; வெள்ளை நியூட்ரல். அமெரிக்காவில் அப்படித்தான் என்று தெரியும். ஆனால் மதுரையில் ஐ.டி.ஐ. படித்த நாளிலிருந்து கறுப்பு என்றால் நியூட்ரல் என்று கை பழகிவிட்டது. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இங்கும் அதே சிவப்பு, கறுப்புதான். கரண்டுக்குப் பழுப்பும் நியூட்ரலுக்கு நீலமும் 2004க்குப் பிறகு வந்தவை. எனக்குத் தெரியும். கைக்குத் தெரியுமா?

மார்ச் 7, சனி
இரவு ஒரு மணி வரை கணக்கு. வண்டிக்கு 120 வோல்ட்டில் 30 ஆம்பியர்: 3,600 வாட். இங்கே முகாம் மைதானத்து நீல பிளக் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர்: 3,680. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும். இங்கே கரண்ட் நொடிக்கு 50 அலை (ஹெர்ட்ஸ்); அதை அமெரிக்காவின் 60 ஆக்காது. கூரை ஏசியின் மோட்டார் சூடேறும். அதை இணைக்கவே போவதில்லை. ஸ்காட்லாந்துக்கு ஏசி எதற்கு?

கட்டட வேலைக்காரர்களின் மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மர் போதுமே, மலிவு என்கிறார் நண்பர். அது 110 வோல்ட்தான், ஆனால் நடுவில் எர்த் செய்தது. இரண்டு வயரிலும் 55 நிற்கும். என் பிரேக்கர் கறுப்பை மட்டும்தான் வெட்டும். வெள்ளை உயிரோடு இருக்கும். ஒரே சுற்றில் ஓடும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். மைதானத்தில் யாராவது முனைகளை மாற்றி இணைத்திருந்தால் வெள்ளையில் 230 ஏறிவிடும். தனிச் சுற்று உள்ளதுதான் வேண்டும், ஒரு முனையை நானே எர்த்தில் கட்டி. விலை இரண்டு மடங்கு. மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 8
கனவிலும் கறுப்பு வயர்.

மார்ச் 12
பழைய சார்ஜரை எடுத்துவிட்டு 230க்கான புதியது மாட்டினேன். விளக்கெல்லாம் 12 வோல்ட் என்பதால் உடனே எரிந்தன. அவள் போர்வையோடு வந்து ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தாள். எதுவும் பேசவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, கடிதம் அனுப்பியாயிற்றாம்.

மார்ச் 14, சனி
டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. தனியாகத் தூக்க முடியவில்லை. சுவிட்சைப் போட்டதும் "டொங்" என்று ஒரு சத்தம், வீட்டில் பிரேக்கர் விழுந்தது. "என்னங்க!" என்று குளியலறையிலிருந்து குரல். மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் முதல் நொடியில் குடிக்கிற கரண்ட் அப்படி; ஓடத் தொடங்கிவிட்டால் பூனைபோல் கிடக்கும். மெதுவாகத் தொடங்க வைக்கும் சிறு கருவி ஒன்று வேண்டும். இது தெரியாமல்தான் 3,680 என்று பூரித்துப்போயிருந்தேன். முட்டாள்.

மார்ச் 18
கடிதம் வந்தது.

மார்ச் 19
வண்டிப் பக்கம் போகவில்லை.

மார்ச் 21, சனி
ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இனி ஃபிரிட்ஜ்தான் வேலை, மற்றதெல்லாம் பிறகு. கேஸிலும் ஓடும், ஆனால் பெட்ரோல் பங்கில் அணைக்க வேண்டும், வண்டியை ஏற்றிப் போகும் படகிலும் அணைக்க வேண்டும். கரண்டில் ஓட வைத்தே தீர்வது. இந்த வகை ஃபிரிட்ஜ் சூட்டைக் கொண்டுதான் குளிரும்; உள்ளே இருந்தது 120 வோல்ட் ஹீட்டர். 230 கொடுத்தால் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 3.7 மடங்கு சூடு. 300 வாட் ஹீட்டர் 1,100 இழுத்து எரிந்துபோகும். 230க்கான ஹீட்டரை மாற்றி, தெர்மாமீட்டரைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி உள்ளே வைத்தேன். இரவு பத்துக்கு 17. இரண்டுக்கு 9. காலை ஆறுக்கு 5. அவளை எழுப்பிச் சொன்னேன். "தூங்குங்கள்" என்றாள்.

மார்ச் 24
மெதுவாகத் தொடங்கும் கருவியும் மாட்டியாயிற்று. பிரேக்கர் விழவில்லை. மைக்ரோவேவ் கடிகாரம் மட்டும் 60 ஹெர்ட்ஸை நம்பி ஓடுகிறது. மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. எட்டு மணிக்குச் சரியாக வைத்தேன், நண்பகலில் 11:20 காட்டியது. கறுப்புக் காகிதம் ஒட்டி மறைக்கப் போனேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு
வீட்டுக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். வண்டியில் இருப்பதைத் தொடவில்லை.

ஃபிரிட்ஜ் ஒரு வாரமாக 4, 5. கறுப்பு வயர் ஒவ்வொன்றின் முனையிலும் பழுப்பு நாடா சுற்றினேன். பெட்டியில் ஆறு பிரேக்கர்கள். நாடா சுற்றியவை ஐந்து. காலையில் மறுபடி திறக்க வேண்டும், அவள் எழுவதற்குள்.