நொய்டா தபால்தலை

சித்தப்பா விட்டுப்போன பிஸ்கட் டின்னில் நானூறு சொச்சம் தபால்தலைகள். ‘ஹெல்வெசியா’ என்றால் சுவிட்சர்லாந்து, ‘மக்யார் போஸ்டா’ என்றால் ஹங்கேரி. இதெல்லாம் சுலபம். ஒன்றில் நாட்டின் பெயரே இல்லை, ராணியின் தலை மட்டும். அது பிரிட்டன். 1840-இல் முதன்முதலில் தபால்தலை வெளியிட்டவர்கள் என்பதால் இன்றுவரை பெயர் போடுவதில்லை. என்ன கெத்து!

என்னை அலைக்கழித்தது ‘நொய்டா’தான். ராக்கெட் படத்துக்குக் கீழே அப்படித்தான் வாசித்தேன். டெல்லி பக்கத்து நொய்டாவுக்குத் தனித் தபால்தலையா? இரண்டு நாள் குழம்பினேன். அப்புறம்தான் உறைத்தது, அது ஆங்கிலமே இல்லை, ரஷ்ய எழுத்து. ‘போச்தா’, அதாவது தபால். பக்கத்தில் ‘சிசிசிபி’ என்று நான் படித்தது ‘எஸ்எஸ்எஸ்ஆர்’. சோவியத் ஒன்றியம்!

டின்னில் இன்னும் அறுபது நொய்டாக்கள் இருக்கின்றன.