ரோட்ஸ் தீவின் மத்தியஸ்தர்: ரால்ஃப் பன்ச் குறித்த வாசிப்பு நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3

தொழில் தகராறுகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது என் வேலை. அதனாலேயே அமெரிக்க ராஜதந்திரி ரால்ஃப் பன்ச்சின் வாழ்க்கையை ஊன்றிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது, இன்று தொடங்கிவிட்டேன். 1950-ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே.

டெட்ராய்ட்டில் ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்து, பதின்ம வயதில் தாயை இழந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் பாட்டி லூசி ஜான்சனின் கண்டிப்பில் வளர்ந்தவர். அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணி செய்துகொண்டே படித்து, 1927-இல் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் 1934-இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள், டோகோலாந்து, டஹோமி ஆகிய இரு ஆப்பிரிக்கப் பகுதிகளில் நடந்த பிரெஞ்சு ஆட்சி. முன்னது ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேசச் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பெயரால் ஆளப்பட்டது, பின்னது நேரடிக் காலனி. பெயரில் இருந்த இந்த வேறுபாடு மக்களின் வாழ்வில் பெரிதாகத் தென்படவில்லை என்பதை நேரில் சென்று கண்டறிந்தவர்தான், 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது, தன்னாட்சி பெறாத மக்களைப் பற்றிய அத்தியாயங்களை எழுதுவதில் முக்கியப் பங்கு வகித்தார். அவருடைய பிற்கால உழைப்பு முழுவதற்கும் வேர் இந்த ஆய்வில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பிப்ரவரி 6

1948 செப்டம்பர் 17 அன்று, இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே மூண்டிருந்த போரில் ஐ.நா.வின் மத்தியஸ்தரான சுவீடன் நாட்டுக் கோமகன் ஃபோக் பெர்னடாட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். பன்ச் அவருடைய முதன்மை உதவியாளர். அன்று அவருடன் இருந்திருக்க வேண்டியவர், வழியில் ஏற்பட்ட தாமதத்தால் உயிர் தப்பினார். பெர்னடாட்டின் அருகே அமர்ந்திருந்த பிரெஞ்சு அதிகாரி ஆந்த்ரே செரோவும் மாண்டார். அந்தச் சாவின் நிழலிலேயே பன்ச் தற்காலிக மத்தியஸ்தராகப் பொறுப்பேற்றார்.

1949 ஜனவரி 13 அன்று, கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் ஓட்டல் தே ரோஸ் என்ற விடுதியில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே போர் நிறுத்தப் பேச்சு தொடங்கியது. அரபு நாடுகள் எல்லாவற்றையும் ஒரே அரங்கில் கூட்டாமல், ஒவ்வொன்றுடனும் தனித்தனியாகப் பேச வைத்தது பன்ச்சின் முறை. முதலில் தரப்புகளைத் தனித்தனியே சந்தித்து, பிறகு தலைவர்களை மட்டும் சேர்த்து, அதன் பின்னரே முழுக் குழுக்களையும் எதிரெதிரே அமர வைத்தார். எல்லாவற்றுக்கும் முன்பாக, பேச வேண்டிய பொருள்களின் பட்டியலுக்கு இரு தரப்பின் ஒப்புதலையும் வாங்கினார். அந்தப் பட்டியலில் பெரிய சர்ச்சை எதுவும் இல்லை. ஒரே அறையில் சந்திக்கவும், ஒரே தாளில் கையெழுத்திடவும் அவர்களைப் பழக்குவதே நோக்கம் என்று அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். சிறிய விஷயத்தில் கையெழுத்திட்ட கை, பெரிய விஷயத்தில் அவ்வளவு தயங்குவதில்லை என்பதை என் தொழிலில் நானும் கண்டிருக்கிறேன்.

பாலஸ்தீனத்தின் ஃபாலூஜா என்ற ஊரில் ஏறத்தாழ நாலாயிரம் எகிப்திய வீரர்கள் இஸ்ரேலியப் படைகளால் சூழப்பட்டுக் கிடந்ததுதான் பெரிய முட்டுக்கட்டை. பின்னாளில் எகிப்தின் அதிபரான நாசரும் அவர்களில் ஒருவர். இரவு நெடுநேரம் வரை நீண்ட அந்த அமர்வுகளில், பேச்சு முறியும் தறுவாயில் எத்தனையோ முறை பன்ச் புதிய வரைவு எழுதினார். உள்ளூர்க் குயவர்களிடம் பேச்சுவார்த்தையின் நினைவாகத் தட்டுகள் செய்யச் சொல்லியிருந்தார். உடன்பாடு வந்தால் ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், வராவிட்டால் அவற்றை உங்கள் தலைகளிலேயே உடைப்பேன் என்று இரு குழுக்களிடமும் சொன்னாராம். பிப்ரவரி 24 அன்று எகிப்து கையெழுத்திட்டது. மார்ச் 23-இல் லெபனானும், ஏப்ரல் 3-இல் ஜோர்டானும், ஜூலை 20-இல் சிரியாவும் தொடர்ந்தன.

பிப்ரவரி 8

இன்று எகிப்து-இஸ்ரேல் போர் நிறுத்த ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தேன். இரு படைகளுக்கும் இடையே வகுக்கப்பட்ட போர் நிறுத்தக் கோட்டை எந்த வகையிலும் அரசியல் எல்லையாகவோ நில எல்லையாகவோ கொள்ளக்கூடாது என்று அதன் ஐந்தாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. யாருடைய உரிமைக்கோரிக்கையும் கைவிடப்படவில்லை என்ற உறுதி இல்லாமல் எகிப்து கையெழுத்திட்டிருக்காது. பன்ச்சின் கைத்திறன் முழுவதும் இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதே வாக்கியம்தான் முடிவான தீர்வை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தது. வீடிழந்து அகதிகளான சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனியர்களின் பிரதிநிதி அந்த மேசையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்பீடு நேர்மையாக இருக்கும். துப்பாக்கிகள் அடங்கியது மெய். அவர்களின் துயரம் தீரவில்லை என்பதும் மெய்.

பிப்ரவரி 14

நோபல் பரிசை ஏற்க வேண்டாம் என்றே பன்ச் முதலில் நினைத்தார், ஐ.நா. ஊழியர் பரிசுக்காக அமைதிப் பணி செய்வதில்லை என்பது அவர் எண்ணம். பொதுச் செயலாளர் டிரிக்வே லீ வற்புறுத்திய பிறகே ஒப்புக்கொண்டார்.

அதிபர் ட்ரூமன் வெளியுறவுத் துறையில் துணை அமைச்சர் நிலையிலான உயர் பதவியைத் தர முன்வந்தபோதும் மறுத்துவிட்டார். கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கும் வாஷிங்டனில் மீண்டும் குடும்பத்தோடு வாழ அவர் விரும்பவில்லை. 1959-இல் நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் கழகம் அவர் மகனுக்கு உறுப்பினர் வாய்ப்பை மறுத்தது. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகு கழகம் மன்னிப்புக் கேட்டு அழைத்தது. தன் புகழுக்காகத் திறக்கப்படும் கதவு மற்றவர்களுக்கு மூடியே இருக்கும் என்பதால், அந்த அழைப்பை அவர் ஏற்கவில்லை.

1965 மார்ச்சில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மான்ட்கோமரி நோக்கிப் புறப்பட்ட பேரணியின் புகைப்படம் ஒன்றை இன்று நீண்ட நேரம் பார்த்தேன். முன்வரிசையில், மார்ட்டின் லூதர் கிங்கின் பக்கத்தில், கழுத்தில் மலர் மாலையோடு பன்ச் நடக்கிறார். நீரிழிவு நோய் ஏற்கெனவே அவர் உடலைத் தளர்த்தியிருந்தது. அவர் வெள்ளையரின் உலகில் கரைந்துபோனவர் என்று அக்காலத்துக் கறுப்பின இயக்கத்தின் தீவிரப் போக்கினர் குற்றம் சாட்டினார்கள். இந்தப் படத்தைப் பார்க்கும்போது அது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

பிப்ரவரி 19

1956-இல் எகிப்தின் சூயஸ் கால்வாயைச் சுற்றி எழுந்த நெருக்கடியின்போது ஐ.நா.வின் அவசரகாலப் படையைச் சில நாட்களுக்குள் திரட்டிய பெருமை அவருக்கும், அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் ஹாமர்ஷோல்டுக்கும் உரியது. தனி அடையாளம் வேண்டுமென்று அமெரிக்கத் தலைக்கவசங்களின் உள்ளுறைகளுக்கு நீல வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். இந்திய வீரர்களும் அப்படையில் நின்றார்கள். 1967-இல் நாசர் அப்படையை வெளியேறச் சொன்னார். அது விலகிக்கொண்டிருந்தபோதே இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே ஜூன் போர் வெடித்து, காஸாவில் இந்திய வீரர்கள் சிலர் உயிரிழந்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ரோட்ஸில் அவர் கட்டியதன் பெரும்பகுதி ஆறே நாட்களில் சரிந்தது. உடல்நலம் முற்றும் கெடும் வரை, 1971 வரையிலும் பன்ச் பதவியில் தொடர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று காலமானார்.

எல்லை அல்ல என்று எழுதிவைத்து வரையப்பட்ட ஜோர்டான் பக்கக் கோட்டைத்தான் 'பச்சைக் கோடு' என்று இன்று உலகம் சொல்கிறது. 2004-இல் சர்வதேச நீதிமன்றம் மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய தடுப்புச்சுவர் பற்றிக் கருத்துரைத்தபோதும் அதையே அளவுகோலாகக் கொண்டது. அடுத்து ஜோர்டான் ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாகப் படிக்கப் போகிறேன்.