மாமா சொல்ல நான் எழுதிய தாள்

எங்கள் ஊர் திருகோணமலையில் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினாலே போதும், "இவனை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்பார்கள். கொழும்புப் பக்கம் மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அது. நானும் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். மாமாவை வேனில் ஏற்றிய இரவுக்குப் பிறகு சொல்வதில்லை.

அவர் மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் விடியப்புறம் டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் நின்றவரை வலைக்காரர்கள் இழுத்து வந்து விட்டார்கள். வீட்டில் கூடிப் பேசி, கொழும்புப் பக்கம் கொண்டுபோவது என்று முடிவெடுத்தோம். அவரிடம் கலியாண வீடு என்று பொய் சொன்னோம். வேட்டி கட்டி, சென்ட் அடித்து, முன் சீட்டில் போய் உட்கார்ந்தார் மனுசன். ஹபரணை தாண்டும்போது விளங்கிவிட்டது. அண்ணாவும் மச்சானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) அம்மா கையெழுத்துப் போட்டார், எங்களுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களப் படிவத்தில். மாமாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதுக்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடி வாசித்தேன். இலங்கையில் மனநோய் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு அடிப்படை 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது. 1956இல் பெயரை மாற்றி, தானாக விரும்பி வந்து சேரவும் வழி வைத்தார்கள். ஆனாலும் 'சித்த சுவாதீனமற்றவர்' என்று மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கும் அந்தப் பழைய எலும்புக்கூடு அப்படியேதான் நிற்கிறது. புதுச் சட்டம் வரும், வரும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தில் 2016இல் இலங்கையும் சேர்ந்தது, மனநோய் இருந்தாலும் சட்டத்தின் முன் அவரும் மற்றவர்களைப் போல ஒரு ஆள்தான் என்கிறது அது. சரி, அந்த ஆள் வேனுக்குள் இருக்கும்போது அதை யார் சொல்வது?

இதை எழுதும்போதே எனக்குள் இன்னொரு குரல், அப்படியென்றால் அவரைக் கடலிலேயே விட்டிருப்பாயா என்று. விட்டிருக்க மாட்டேன். திரும்பவும் அப்படி நடந்தால் திரும்பவும் இழுத்து வரத்தான் செய்வேன், அவர் வேண்டாம் என்றாலும். ஆனால் இழுத்து வருவது வேறு, பொய் சொல்லிக் கொண்டுபோவது வேறு. நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கி அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

மருந்து பிடித்தது. இப்போது பின்னேரங்களில் கடைத்தெருப் பக்கம் வரும் மான்களுக்கு வாழைப்பழத் தோல் போட்டுக்கொண்டு நிற்பார். ஒருநாள் அங்கே வைத்துத்தான் சொன்னார், "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் பிள்ளை. வரமாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன், எண்டாலும் கேட்டிருக்கலாம்." நான் மானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சுகமாக இருக்கும்போதே, நாளைக்கு எனக்கு முடியாமல் போனால் இப்படிச் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள், எனக்காக இவர் பேசட்டும் என்று எழுதி வைக்கலாம். அவசர சிகிச்சைக்கு அது செல்லாது. மற்ற நேரத்திலும் வைத்தியரோ வீட்டாரோ விண்ணப்பித்தால் அதற்கான சபை அதை மாற்ற முடியும். ஓட்டை இல்லாத சட்டம் எது? ஆனாலும் ஆளைக் கேட்கிறதே. மாமாவிடம் சொன்னேன். இங்கே அது செல்லாது என்பதையும் சொன்னேன். "செல்லாட்டிப் பரவாயில்லை, எழுது" என்றார்.

கொப்பித் தாளில் எழுதினேன். கலியாண வீடு எண்டு சொல்லக்கூடாது. கையைப் பிடிக்கிறதெண்டால் ஒரு ஆள் போதும். தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கவேணும். போன தடவை வாய் காய்ந்து நாக்கு இழுத்த அந்தக் குளிசையைத் தரமுதல் வைத்தியரிடம் சொல்லவேணும். எனக்காகப் பேசுவது அக்கா இல்லை, பிள்ளை. அந்த இடத்தில் என் பேரை அவரே பேனாவை வாங்கி எழுதினார்.

அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.