ஒன்றும் கேட்கவில்லை

28 மார்ச் 2024, வியாழன்

நேற்று மாலை தந்தி மாமா காலமானார். மட்டக்களப்புக் கல்லடியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வீடு கிடைக்காது. தபாற்கந்தோரின் தந்திப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. அவரைப்போலப் பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் உலகத்தோடு பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தம்முள் ஒருவர் இறந்தால் அவரைச் 'சைலன்ட் கீ' என்பார்கள், ஓய்ந்துபோன தந்திச் சாவி என்று பொருள். இன்று காலை 7 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் கொழும்பு நண்பர்களுக்கு அந்தச் செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வானொலியில் அவருக்குப் பெயர்போல இருந்த அழைப்புக்குறியில், இலங்கையைக் குறிக்கும் 4எஸ்7 வரைக்கும் சொன்னேன். மிச்ச எழுத்துகள் வாயில் வர நேரமெடுத்தது. மறுபக்கத்திலும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

3 ஏப்ரல் 2024, புதன்

எட்டுச் செலவு. படையல் முடிந்ததும் மாமி என்னை அவருடைய அறைக்கு அனுப்பினார். மேசைக்கு மேலே இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்று வீட்டு நேரம். மற்றது ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கி ஓடுவது. உலகில் எவரோடு பேசினாலும் பதிவேட்டில் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தையே எழுத வேண்டும் என்பதால் அவருக்கு அது தேவைப்பட்டது. பேரப்பிள்ளைகள் அதைப் 'பழுதான மணிக்கூடு' என்பார்கள். 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளி, அதே ஆண்டில் அரை மணித்தியாலம் குறைத்து, 2006இல் மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவந்ததை அவர் ஒரு பகிடியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். பத்து வருசத்தில் மூன்று தரம் திருத்தியது சரியான மணிக்கூட்டை, பழுதானதைத் தொடவே இல்லை என்று சிரிப்பார்.

14 ஏப்ரல் 2024, ஞாயிறு

துடக்கு வீடு என்பதால் அங்கே புத்தாண்டு இல்லை. நானும் கைவிசேடம் வாங்க எங்கும் போகாமல், 2010இல் அவரிடம் முதன்முதலாகப் போன நாட்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. 143ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் அரை அலை அன்டெனாவின் நீளம் மீற்றரில் கிடைக்கும் என்று சொல்லி, 7.1க்குக் கணக்குப் போடச் சொன்னார். இருபது மீற்றரும் கொஞ்சமும் வந்தது. நான் கெட்டிக்காரத்தனமாகச் செப்புக் கம்பியை மில்லிமீற்றர் பிசகாமல் இரண்டு துண்டாக வெட்டினேன். மாமரத்துக்கும் தென்னைக்கும் நடுவே கட்டப் போனபோதுதான், நுனிகளை மடித்து முடிச்சுப் போடுவதற்கு நான் ஒரு சாணும் விடவில்லை என்பது விளங்கியது. அவர் கோபிக்கவில்லை. "கம்பிய எப்பயும் வெட்டலாம் மனே, வளக்க ஏலா" என்றார். அந்தக் குட்டைக் கம்பியையே கட்டவிட்டார். அது எங்கே ஒத்திசைகிறது என்று அளந்து பார்க்க வைத்த பிறகுதான், துண்டு ஒட்டுவதற்குப் பற்றாசுக் கோலைக் கையில் தந்தார்.

மோர்ஸ் எழுத்துகளைக் கடதாசியில் காட்டவே மாட்டார். புள்ளியும் கோடும் கண்ணுக்குப் போய்விட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவருடைய கட்சி. 'டா டிட் டா டிட், டா டா டிட் டா' என்று வாயாலேயே சொல்லிக் காட்டுவார். அதுதான் எல்லாரையும் பொதுவாகக் கூப்பிடும் 'சிக்யூ'. உரிமம் பெற மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயம் 2003இலேயே நீங்கிவிட்டது என்று நான் ஒருநாள் வாதாடியபோது, "முதல்ல காதக் குடு, மறுகா சட்டம் பேசுவம்" என்று முடித்துவிட்டார். தொலைத்தொடர்பு ஆணைக்குழு நடத்தும், தொடக்கநிலை உரிமத்துக்கான நொவிஸ் பரீட்சைக்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் முதல் தடவை நான் தவறியது மோர்ஸில் அல்ல, சட்டப் பகுதியில் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

23 ஏப்ரல் 2024, செவ்வாய்

சித்திரா பௌர்ணமி. ஒருமுறை இதே நாளில் பாடும் மீன் கேட்கலாம் என்று அவரோடு தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போயிருந்தேன். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் மறுநுனியைக் காதில் வைத்தால் வாவிக்குள் எழும் ஓசை கேட்கும் என்பார்கள். பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. இரண்டு மணித்தியாலம் இருந்தும் எனக்குப் பாலத்தின் மேலே போன வாகனங்களின் அதிர்வைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் கொப்பியைத் திறந்து அதையும் எழுதினார்: நேரம், இடம், 'ஒன்றும் கேட்கவில்லை'. எனக்குச் சிரிப்பு வந்தது.

26 ஏப்ரல் 2024, வெள்ளி

முப்பத்தோராம் நாள். மாமி பதிவேட்டுக் கொப்பிகள் முழுவதையும் ஓர் அரிசிச் சாக்கில் போட்டுத் தந்துவிட்டார். எல்லாம் 2005க்குப் பிந்தியவை. அதற்கு முந்தியவற்றை 2004 டிசம்பர் 26 காலையில் கடல் கொண்டுபோனது. கருவியும் பற்றரியும் அவற்றோடு போயின.

போர்க்காலத்தில் ஒரு நீளக் கம்பியே சந்தேகத்துக்கு இடமாகும் என்பதால், அவர் அனுப்பும் கருவியைத் தொடாமல் வருடக்கணக்காகக் கேட்பதோடு நின்றவர். இரைச்சல் மட்டுமே வந்த இரவுகளையும் தேதி போட்டு எழுதும் பழக்கம் அந்த நாட்களில் வந்திருக்க வேண்டும். 'ஒன்றும் கேட்கவில்லை' என்ற வரி இந்தக் கொப்பிகளில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது.

ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை அமெச்சூர் வானொலிக்காரரான விக்டர் குணதிலகவும் நண்பர்களும் ஹம்பாந்தோட்டைக்குச் சிற்றலைக் கருவிகளைக் கொண்டுபோய், கார் பற்றரியில் ஓட்டிக் கொழும்போடு தொடர்பு கொடுத்தார்கள். அந்தமானில் அதே வேளையில் நிலையம் நடத்திக்கொண்டிருந்த இந்திய வானொலிக்காரர் பாரதி பிரசாத்தும் அங்கிருந்து செய்தி அனுப்பினார். இவற்றைச் சொல்லும்போது தந்தி மாமாவின் குரலில் பெருமை இருக்கும்; பிறகு பேச்சு அறுந்துவிடும். கருவி போனதைவிட, அந்த நாட்களில் மட்டக்களப்பிலிருந்து ஒரு சொல்லையும் தன்னால் அனுப்ப முடியாமற் போனதே அவருக்கு ஆறவில்லை. "எங்கயோ ஒருத்தன் காது குடுத்துக்கொண்டு இருந்திருப்பான் மனே. மட்டக்களப்பு, ஒண்டும் கேக்கல்ல எண்டு எழுதியிருப்பான்" என்று ஒரேயொரு தடவை சொன்னார். தோணியில் போய் வந்த அன்று அவர் எழுதியதைப் பார்த்து நான் சிரித்தது இதைக் கேட்பதற்கு முந்திய வருடம்.

11 மே 2024, சனி

சூரியனிலிருந்து வந்த காந்தப் புயல் நேற்றிலிருந்து உலகையே சுற்றிப் பிடித்திருக்கிறது. 2003 ஒக்டோபருக்குப் பிறகு இவ்வளவு கடுமையாக வந்ததில்லை என்கிறார்கள். லடாக்கில் வானம் சிவந்த படங்களை எல்லாரும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கல்லடியில் வானம் வழமைபோலத்தான் இருந்தது. இரவு எட்டரைக்கு நான் 14 மெகாஹேட்ஸைத் திறந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் ஐரோப்பாக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கத்தும் இடத்தில், மணலைச் சுளகில் தெள்ளுவதுபோன்ற சத்தம் மட்டும் வந்தது. மேலிருந்து கீழாக ஒருமுறையும், கீழிருந்து மேலாக ஒருமுறையும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன்.

அவருடைய கடைசிக் கொப்பியில் பாதிப் பக்கம் மிச்சமிருந்தது. நீல மையில் அவர் எழுதிய கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி இடைவெளி விட்டு, மாமி கொடுத்துவிட்ட பழுதான மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன்: 15.00, 14 மெகாஹேட்ஸ், ஒன்றும் கேட்கவில்லை.