மரம்னு நெனச்சேன், வெண்கலம்!

ஜூன் ஸ்கூல் லீவுல பெய்ஜிங் போயிட்டு வந்து ரெண்டு வாரமாச்சு, சம்மர் பேலஸ்ல பாத்த பாவ்யுன் மண்டபம் இன்னும் கண்ணுலயே நிக்குது. சியான்லோங் பேரரசர் 1755ல கட்டின புத்த மண்டபம், உயரம் 7.55 மீட்டர்தான், ஆனா எடை 207 டன்! தூண், உத்தரம், ஓடு, ஜன்னல் எல்லாமே வெண்கலம், தச்சர் இழைச்ச மரம் மாதிரியே வார்த்திருக்காங்க, நிறம் நண்டு ஓடு மாதிரி நீலம் கலந்த பச்சை. 1860ல ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைங்க தீ வெச்சப்ப சுத்தியிருந்த மரக் கட்டடங்க எரிஞ்சு போச்சு, இது நின்னுடுச்சு. உள்சுவர்ல மெழுகு வார்ப்பு செஞ்சவங்க, உளி பிடிச்சவங்க பேரெல்லாம் பொறிச்சிருக்காங்களாம், வெண்கலச் சிலை வார்க்கற சுவாமிமலை ஸ்தபதிங்க ஞாபகம் வந்து மனசு நெகிழ்ந்துடுச்சு. இப்ப இங்க சிங்கப்பூர்ல லஞ்சுக்கு தெலுக் ஆயர் பக்கம் போனா தியான் ஹொக் கெங் சீனக் கோயில் கூரைக்கடியில அடுக்கின மரத்தாங்கிகள நின்னு பாத்துட்டுதான் வரேன்.