கூப்பன் இல்லாதவருக்கு ஒரு விலை

கடந்த டிசம்பர் மாதம், ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் வசிக்கும் ஊரின் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் எனக்கு முன்னால் எண்பது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி வரிசையில் நின்றிருந்தார். செய்தித்தாளுடன் வந்த விளம்பரத் தாளிலிருந்து கத்தரித்து எடுத்த 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றைப் பணப்பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். பேரனுக்காக அவர் எடுத்திருந்த விளையாட்டுக் காலணிக்கு அந்தக் கூப்பன் செல்லாது என்றும், அந்த நிறுவனத்தின் பொருள்கள் அனைத்தும் விலக்குப் பட்டியலில் இருப்பதாகவும் கல்லாவில் இருந்த இளம்பெண் தெரிவித்தார். போர்வை ஏற்கெனவே 'சிறப்பு விலை'யில் இருந்ததால் அதற்கும் செல்லாது. மீதமிருந்த கையுறைக்குச் செல்லும். ஆனால் அதற்கு இதைவிட நல்ல 30 சதவீதக் கூப்பன் கடையின் செயலியில் இருக்கிறது, கைப்பேசியைத் தாருங்கள் என்றார். அந்த அம்மாளிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. என் கைப்பேசியில் இருந்த கூப்பனைக் கொடுக்க முன்வந்தேன். அது என் கணக்கோடு இணைக்கப்பட்டது, நான் வாங்கும் பொருளுக்கே செல்லும் என்று பதில் வந்தது. அவர் காலணிப் பெட்டியையும் போர்வையையும் மேடைமீது விட்டுவிட்டு, கையுறையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

அதே காலணியை அதே விலைக்கு எவரும் வாங்கியிருக்க வேண்டும் என்பதால் அதில் அவருக்குத் தனியாக அநீதி நடக்கவில்லை. ஆனால் கடைக்குள் நுழையும்வரை அவர் கையில் 20 சதவீதம் இருப்பதாக அந்தத் தாள் அவருக்குச் சொல்லியிருந்தது. அந்தத் தாளின் அடிப்பகுதியில், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க இயலாத எழுத்தில், விலக்கப்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் ஒரு பத்தி முழுவதும் நெருக்கி அச்சிடப்பட்டிருந்தன.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் இப்படித்தான் ஒன்றும் அறியாமல் நின்றேன். 2009ஆம் ஆண்டு, நவம்பர் முதல் வாரத்தில், விலைச்சீட்டில் 180 டாலர் என்றிருந்த கோட் ஒன்றை 180 டாலர் கொடுத்து வாங்கினேன். விலைச்சீட்டில் உள்ளதைக் கொடுப்பதுதான் முறை, இங்கே பேரம் பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து, உடன் பணிபுரியும் தோழி ஒருத்தி அதே கடையில் அதே கோட்டை 75 டாலர் 60 சென்ட்டுக்கு வாங்கி வந்தாள். முதலில் 40 சதவீதத் தள்ளுபடி, அதில் வந்த 108 டாலரின் மேல் 30 சதவீதக் கூப்பன். நாற்பதும் முப்பதும் எழுபது அல்ல, ஐம்பத்தெட்டு என்பதை அன்று மேசையில் உட்கார்ந்து அவள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். அப்போது என் மாத வாடகை 500 டாலர். அந்த நூற்று நான்கு டாலர் எனக்குச் சிறிய தொகையாக இருக்கவில்லை.

அன்று தொடங்கி இந்தக் கடைகளின் விலைகளைக் கவனித்து வருகிறேன். சென்ற ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜூலைவரை, ஒரே ஒரு படுக்கை விரிப்புத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் விலையைக் குறிப்பேட்டில் எழுதினேன். சீட்டில் அச்சிட்ட விலை 120 டாலர். ஆறு மாதத்தில் அது 72, 66, 60, 48 என்று மாறி மாறி நின்றதே தவிர, நான் பார்த்த ஒரு நாளிலும் 120 டாலருக்கு விற்கப்படவில்லை. ஒரு பொருள் எந்த நாளிலும் விற்கப்படாத தொகையை அதன் 'வழக்கமான விலை' என்று எழுதிவிட்டு, அதிலிருந்து கழித்ததைத் தள்ளுபடி என்று அழைப்பது சரியாகுமா என்ற கேள்வி எனக்கு முன்பே பலருக்கு எழுந்திருக்கிறது.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1964ஆம் ஆண்டிலேயே இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் ஒரு பேனா வியாபாரியின் உதாரணம் வருகிறது. ஐந்து டாலருக்கு வாங்கும் பேனாவை அவர் வழக்கமாக ஏழரை டாலருக்கு விற்பவர். ஒருநாள் அதைப் பத்து டாலர் என்று அறிவிக்கிறார். அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். சில நாள் கழித்துப் பழைய ஏழரை டாலருக்கே இறக்கி, 'பத்து டாலராக இருந்தது, இப்போது ஏழரை மட்டுமே' என்று விளம்பரம் செய்கிறார். இது வெளிப்படையான பொய் என்று அந்த நெறிகள் கூறுகின்றன. முந்தைய விலை என்று சொல்லப்படுவது, நியாயமான கால அளவுக்கு, மக்களுக்கு உண்மையாகவே முன்வைக்கப்பட்ட விலையாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கலிஃபோர்னியாவில் ஒரு படி மேலே போய், அந்த விலை முந்தைய மூன்று மாதங்களுக்குள் சந்தையில் நிலவியிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டத்தை முன்வைத்து நடந்த வழக்கில் ஜேசி பென்னி என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் ஐந்து கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர அரசு வழக்கறிஞர் நான்கு பெரிய அங்காடிகள்மீது இதே குற்றச்சாட்டுடன் வழக்குத் தொடுத்தார். நெறியும் சட்டமும் இருந்தும், என் குறிப்பேட்டில் அந்த 120 டாலர் அப்படியே நிற்கிறது.

கூப்பன்களைப் பற்றிய என் மனவருத்தம் இதைவிட ஆழமானது. ஏனென்றால் அவை வாங்குபவரிடமிருந்து பணத்தோடு உழைப்பையும் கேட்கின்றன. எந்தக் கூப்பன் எந்தப் பிரிவுக்குச் செல்லும், ஒன்றோடு ஒன்று சேர்க்கலாமா, கடையின் கடன் அட்டை இருந்தால்தான் செல்லுமா, சுரண்டிப் பார்க்கும் அட்டையில் வந்தது பதினைந்தா முப்பதா என்று வாரந்தோறும் ஒருவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். இரண்டு சலுகைகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது அவை எந்த வரிசையில் கழிக்கப்படுகின்றன என்பதும் முக்கியம். நூறு டாலர் பொருளுக்கு முதலில் 30 சதவீதம் கழித்துப் பிறகு 10 டாலர் வெகுமதியைக் கழித்தால் 60 டாலர் ஆகும். முதலில் 10 டாலரைக் கழித்துவிட்டு மீதித் தொகையில் 30 சதவீதம் கழித்தால் 63 டாலர் ஆகும். நான் வழக்கமாகப் போகும் கடையின் கணினி இரண்டாவது முறையில்தான் கழிக்கிறது. மூன்று டாலர் பெரிதல்ல என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் எனக்குக் கொடுத்ததாகச் சொன்ன பத்து டாலரின் மதிப்பு உண்மையில் ஏழு டாலர் என்பதை அந்தத் தாளில் எங்கும் எழுதவில்லை.

வெகுமதி என்ற ஏற்பாட்டின் உள்ளமைப்பையும் சொல்ல வேண்டும். வாங்கும் ஒவ்வொரு ஐம்பது டாலருக்கும் பத்து டாலர் வெகுமதி என்பது பரவலாக உள்ள முறை. தள்ளுபடிகள் எல்லாம் போக 49 டாலருக்கு வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே கல்லாவுக்கு அருகில் இரண்டு டாலர் மெழுகுவர்த்தியும் மூன்று டாலர் காலுறையும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெற்ற வெகுமதியை அன்றே பயன்படுத்த முடியாது. சில நாள் கழித்துத் தொடங்கும் ஒரு வாரத்துக்குள் மறுபடி வந்து செலவழிக்க வேண்டும். அந்த வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பனிப்பொழிவில் சாலை மூடப்பட்டாலோ அது காலாவதியாகிவிடும். காசு கொடுத்து வாங்கும் பரிசு அட்டைக்கு 2009ஆம் ஆண்டுக் கடன் அட்டைச் சட்டம் குறைந்தது ஐந்து ஆண்டு ஆயுளை உறுதி செய்திருக்கிறது. அதே சட்டம் வெகுமதிக்காகவும் விளம்பரத்துக்காகவும் தரப்படும் அட்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, இரண்டிலும் டாலர் குறியும் பார்கோடும் உண்டு, ஒன்று ஐந்தாண்டு வாழும், மற்றது ஏழு நாளில் குப்பைக்குப் போகும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அவருக்கு ஒரு ஸ்வெட்டரும் பிள்ளைகளுக்குச் சில உடைகளுமாக 104 டாலருக்கு வாங்கினேன். இருபது டாலர் வெகுமதி கிடைத்தது. அடுத்த வாரம் அதைச் செலவழித்தும் விட்டேன். ஸ்வெட்டர் அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது, பெரிய அளவு கடையில் இல்லை, ஆகவே திருப்பிக் கொடுத்தேன். அதன் விலை 30 டாலர். கையில் வந்தது 20 டாலர். ஸ்வெட்டரைக் கழித்தால் மொத்தம் 74 டாலர்தான் ஆகிறது, அதற்கு உரிய வெகுமதி பத்து டாலர் மட்டுமே, ஆகவே மீதிப் பத்து டாலரைப் பிடித்துக்கொண்டோம் என்றார்கள். கடையின் கணக்கில் தர்க்கம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து டாலருக்காகத்தான், வெகுமதி வீணாகிவிடக் கூடாதே என்று, எனக்குத் தேவையே இல்லாத ஒரு மேசை விரிப்பை வாங்கியிருந்தேன். பரிசாகக் கொடுத்தது பரிசாக இருக்கவில்லை, நான் வாங்கிய பொருளை நான் வைத்துக்கொள்வதற்குப் பிணையாக இருந்தது என்பதை ரசீதின் பின்பக்கத்தைப் படித்த பிறகே புரிந்துகொண்டேன்.

இந்தக் குறைகளைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தரப்படும் பதில் ஒன்று உண்டு. வாங்குபவர்களே இதைத்தான் விரும்புகிறார்கள், ஜேசி பென்னிக்கு என்ன ஆனது என்று பாருங்கள் என்பார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் கடைகளை உருவாக்கிப் புகழ்பெற்ற ரான் ஜான்சன் அந்த அங்காடியின் தலைவராகப் பொறுப்பேற்று, 2012 பிப்ரவரி முதல் கூப்பன்களையும் அடுத்தடுத்த தள்ளுபடி விற்பனைகளையும் நிறுத்தி, எல்லா நாளும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தார். அதற்கு முந்தைய ஒரே ஆண்டில் அந்த நிறுவனம் 590 தனித்தனிச் சலுகை விற்பனைகளை நடத்தியிருந்தது. மாற்றம் தோற்றது. அந்த நிதியாண்டில் விற்பனை ஏறத்தாழக் கால் பங்கு சரிந்து 1,700 கோடி டாலரிலிருந்து 1,300 கோடி டாலருக்கு இறங்கியது, நட்டம் 98.5 கோடி டாலர். 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார், கூப்பன்கள் திரும்பி வந்தன.

இதிலிருந்து மக்கள் ஏமாற்றப்படுவதை விரும்புகிறார்கள் என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாற்பது ஆண்டுக் காலம் 60 சதவீதத் தள்ளுபடிக்கு வாங்கிப் பழகிய ஒருவருக்கு, ஒரு சட்டையின் மதிப்பை அளக்கத் தெரிந்த ஒரே அளவுகோல் அதன் விலைச்சீட்டில் அச்சிடப்பட்ட தொகைதான். துணியின் தரத்தையும் தையலையும் பார்த்து விலை மதிக்கும் பழக்கம் மறைந்துபோன பிறகு, அந்த அளவுகோலையும் ஒரே இரவில் பிடுங்கினால் அவர் எதை நம்பி வாங்குவார்? எதிரே இருந்த மற்றக் கடைகள் எல்லாம் அப்போதும் பழைய அளவுகோலையே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கடை மட்டும் நேர்மையாகப் பேசினால் அது விலையுயர்ந்த கடையாகவே தெரியும். இதை ஒரு நிறுவனத்தின் துணிச்சலால் மட்டும் மாற்ற முடியாது, எல்லோருக்கும் பொதுவான விதியால்தான் மாற்ற முடியும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய அங்காடிகள் தோன்றியதே ஒரே விலை என்ற வாக்குறுதியின் மேல்தான் என்பது என் வருத்தத்தைக் கூட்டுகிறது. 1861இல் ஃபிலடெல்ஃபியாவில் கடை திறந்த ஜான் வானமேக்கர், பேரத்தை ஒழித்து, பொருளின்மீது விலைச்சீட்டை ஒட்டி, வருபவர் எவராயினும் அதே விலை என்ற முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். இன்று அதே விலைச்சீட்டு, பேரம் தொடங்குவதற்கான முதல் எண்ணாக மாறிவிட்டது. மதுரையில் என் அம்மா புடவைக் கடையில் பேரம் பேசும்போது எதிரே ஒரு மனிதர் இருப்பார். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து, இதற்குமேல் குறையாது என்று அம்மாவுக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்காரர் கொடுத்த விலையும் தெரியும். இங்கே நடப்பதும் பேரம்தான், ஆனால் எதிரே முகம் இல்லை, அடுத்தவர் என்ன விலை கொடுத்தார் என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. கைப்பேசி இல்லாத முதியவரும், மொழி பழகாத புதியவரும், இரண்டு வேலை பார்ப்பதால் கூப்பன் தேட நேரமில்லாதவரும் உயர்ந்த விலை கொடுக்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் இரக்கப்பட்டு மேசைக்கடியில் வைத்திருக்கும் கூப்பனை எடுத்து ஸ்கேன் செய்தால் விலை குறையும், அவர் அன்று களைப்பாக இருந்தால் குறையாது. நான் அந்த இரக்கத்தைப் பலமுறை பெற்றிருக்கிறேன், அதற்கு நன்றியுடையவளாகவும் இருக்கிறேன், ஆனாலும் ஒரு பொருளின் விலை அதை நம்பி இருக்கலாகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாள்களில் அந்தப் பொருளுக்குத் தான் வைத்திருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். தள்ளுபடிச் சதவீதத்தையும் அந்தக் குறைந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இந்த ஒரு விதி இங்கே இருந்தால், என் குறிப்பேட்டின் வேலையை விலைச்சீட்டே செய்துவிடும். இதை வலியுறுத்தி எங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு, என் ஆறு மாதக் குறிப்புகளின் நகலோடு, கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளைக் காரில் அழைத்துக்கொண்டு கடைக்குப் போவது எனக்கு வழக்கம். போன ஆகஸ்டில் வந்த ஒரு தம்பி, நான் குறித்துவைத்த அதே படுக்கை விரிப்பைக் கையில் எடுத்து, 120 என்றிருந்ததையும் அதற்கு மேலே ஒட்டியிருந்த 66ஐயும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதோட உண்மையான விலை எவ்வளவு அக்கா?" என்று கேட்டார். குறிப்பேட்டைத் திறந்து, ஜூலையில் 48 டாலருக்கு இருந்தது, பத்து நாள் பொறுத்தால் மறுபடி அங்கே வரலாம் என்று சொன்னேன். அவர் முந்தின இரவுதான் விமானத்திலிருந்து இறங்கியிருந்தார், அறையில் வெறும் மெத்தை மட்டும் கிடந்தது. 66 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார்.